உடுத்தாமலே நையும் துணி

சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு தேசியக் கொடி இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றப்பட்ட கொடி அது. 12 அடி நீளம், 8 அடி அகலம், முழுக்கப் பட்டு. 2013 குடியரசு நாளிலிருந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பேழைக்குள், அடக்கமான வெளிச்சத்தில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் துணையோடு அது இருக்கிறது. யாரும் அதைத் தொடுவதில்லை, துவைப்பதில்லை. இனி அது காற்றில் பறக்கப் போவதும் இல்லை. அப்படியிருக்க இவ்வளவு காவல் எதற்கு?

துணி உடலில் தேய்ந்துதான் பழுதாகிறது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதனால்தான் பட்டுப்புடவையைக் கட்டாமல் பூட்டி வைக்கிறோம். இருபது வருடம் கழித்து மகளின் நலங்குக்காக எடுத்துப் பிரித்தால், மடித்த மடிப்பிலேயே புடவை பிளந்துகொள்கிறது. "நாலு தடவைகூடக் கட்டலையே" என்று அம்மா அங்கலாய்ப்பார். அவர் சொல்வது உண்மைதான். புடவை கட்டி நையவில்லை, வைத்து நைந்திருக்கிறது. பெரும்பாலான துணிகளுக்கு உடம்பைவிடப் பெரிய எதிரிகள் பீரோவிலும் துவைக்கும் கல்லிலும் மொட்டை மாடி வெயிலிலும் காத்திருக்கின்றன. அந்த எதிரிகள் துணிக்குத் துணி மாறுபடும் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். பருத்தியைக் காப்பாற்றும் வைத்தியம் பட்டைக் கொன்றுவிடும்.

பட்டு ஒரு புரதம். புழு உமிழும் இழையின் உட்பகுதியான ஃபைப்ராயின்தான் நாம் உடுத்தும் பட்டு. இயற்கை இழைகளில் வெளிச்சத்தால் மிக எளிதாகப் பாதிக்கப்படுவது இதுவே. ஒளி பட்டால், குறிப்பாகப் புற ஊதாக் கதிர் பட்டால், இந்தப் புரதச் சங்கிலிகள் ஆங்காங்கே அறுபடுகின்றன. முதலில் நிறம் மங்கும், வெள்ளைப் பட்டு மஞ்சளாகும். பிறகு இழை தன் வலுவை இழக்கும். கண்ணுக்குப் புடவை நன்றாகத்தான் இருக்கும். விரலால் லேசாக இழுத்தால் கிழியும். ஒளியால் வந்த சேதத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. இன்று பட்ட வெளிச்சம் நாளைக்கு ஆறிவிடாது. ஒவ்வொரு மணி நேரமும் முந்தையதன் மேல் கூடிக்கொண்டே போகும்.

அருங்காட்சியகங்களில் துணிகளுக்குச் சுமார் 50 லக்ஸ் வெளிச்சமே போதும் என்று வைத்திருக்கிறார்கள். நம் ஊர் உச்சி வெயிலின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கணக்குப் போட்டால், மொட்டை மாடிக் கொடியில் ஒரு மணி நேரம் காயும் புடவை, அருங்காட்சியக விளக்கின் கீழ் 2,000 மணி நேரம் இருந்தால் பெறும் ஒளியைப் பெற்றுவிடுகிறது. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் அது 250 நாள். வெயிலின் புற ஊதாக் கதிர் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஜன்னல் திரைச்சீலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் நாராய்க் கிழிவதும், காயப்போட்ட சட்டையின் தோள்பட்டை மட்டும் வெளுப்பதும் இதனால்தான். உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போடுங்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னது முழு அறிவியல்.

மடிப்புப் பிளவுக்கு வருவோம். ஒரே கோட்டில் பல வருடம் மடிந்து கிடக்கும் இழை அந்த இடத்தில் வளைந்து இறுகுகிறது. கூடவே ஜரிகையின் உலோகக் கனம். மேலே அடுக்கிய மற்றப் புடவைகளின் பாரம் வேறு. ஏற்கெனவே வலுவிழந்த இழை அங்கேதான் முதலில் ஒடியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, பழைய மடிப்பின் மேல் விழாதபடி மாற்றி மடித்தால் அந்தச் சுமை ஒரே இடத்தில் தங்காது. பழந்துணிகளைக் காக்கும் நிபுணர்கள் மடிப்பதையே தவிர்த்து, உருளையில் சுற்றி வைக்கிறார்கள். இடவசதி உள்ள வீட்டில் விலையுயர்ந்த ஒன்றிரண்டு புடவைகளுக்காவது இதைச் செய்யலாம்.

சில துணிகள் பிறக்கும்போதே நோயோடு பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பியப் பட்டு இதற்குக் கொடுமையான சான்று. கச்சாப் பட்டில் பசை போன்ற செரிசின் ஒட்டியிருக்கும். அதைக் கொதிநீரில் நீக்கும்போது எடையில் ஏறத்தாழக் கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்கும் சரக்கு. இழந்த எடையை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும். சாயப்பட்டறைக்காரர்கள் பட்டை வெள்ளீய உப்புக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். இழை உலோகத்தை உறிஞ்சிக் கனத்தது. இழந்த எடை திரும்பியதோடு நிற்காமல், அதற்கு மேலும் ஏற்றினார்கள். கனமாக விழும், நடக்கும்போது சரசரக்கும் அந்தப் பட்டைச் சீமாட்டிகள் விரும்பி வாங்கினார்கள்.

விலையை அடுத்த தலைமுறை கொடுத்தது. அந்த உலோக உப்புகள் உள்ளிருந்தே புரதத்தைச் சிதைத்தன. 18ஆம் நூற்றாண்டுப் பட்டு உடைகள் பலவும் இன்றும் உறுதியாக இருக்க, அவற்றுக்கு நூறு வருடம் பிந்திய, 1890களின் கவுன்கள் நீளவாக்கில் கீறல் கீறலாகப் பிளந்து, தொட்டால் உதிர்கின்றன. ஐரோப்பா, அமெரிக்க அருங்காட்சியகங்களின் அலமாரிகளில் இப்படி உதிரும் உடைகள் நிறைய உண்டு. இதை மீட்க வழியில்லை. மெல்லிய வலைத்துணியில் தாங்கிப் பிடித்து, அசையாமல் கிடத்தி வைக்க மட்டுமே முடிகிறது.

நம் பக்கத்திலும் இதற்கு ஓர் உறவு இருக்கிறது. காளஹஸ்தியிலும், தஞ்சை வட்டாரத்துக் கருப்பூரிலும் வரையும் கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு எங்கிருந்து வருகிறது? துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறப்போட்டுப் புளிக்க வைத்த கரைசல், துணியில் ஏற்கெனவே ஏற்றிய கடுக்காய்ச் சாறோடு சேர்ந்தவுடன் கறுப்பாகிறது. அழகான, ஆழமான கறுப்பு அது. ஆனால் இரும்பு பருத்தியை மெல்ல அரிக்கும். மிகப் பழைய துணிகள் சிலவற்றில் சிவப்பும் நீலமும் பளிச்சென்று இருக்க, கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்று விழுந்து ஓட்டையாகிவிட்டிருக்கும். துணியின் மற்ற பாகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஜரிகை கறுப்பது வேறு கதை. காஞ்சிபுரத்து அசல் ஜரிகையில் நடுவே சிவப்புச் சாயமிட்ட பட்டு நூல். அதன் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பி. அதற்கு மேல் தங்க முலாம். முலாம் தேய்ந்தால் வெள்ளி வெளியே வருகிறது. காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து கறுப்பு சல்பைடாகப் படிகின்றன. வியர்வை உப்பும், புடவை மேல் நேராக அடிக்கும் சென்ட்டும் இதை விரைவுபடுத்தும். உள்ளே இருக்கும் சிவப்பு நூலே தெரிந்துவிட்டதென்றால் உலோக உறை அறுந்துவிட்டது என்று பொருள். எந்தப் பாலிஷும் அதைத் திருப்பித் தராது. பல் துலக்கும் பசை, புளி என்று கையில் கிடைத்ததை வைத்து ஜரிகையைத் தேய்ப்பவர்கள் மிச்சமிருக்கும் முலாமையும் சேர்த்து உரித்து எடுக்கிறார்கள். சென்ட்டை உடலில் பூசி, அது காய்ந்த பிறகு புடவையைக் கட்டுவது ஒன்றுதான் சரியான வழி.

பருத்தியின் குணம் பட்டுக்கு நேரெதிர். பருத்தி செல்லுலோஸ். நனைந்தால் அதன் வலு குறையாது, சற்றுக் கூடவே செய்யும். துவைக்கும் கல்லில் ஓங்கி அடிபட்டும் வேட்டிகள் வருடக்கணக்கில் தாங்குவதன் ரகசியம் இதுதான். விஸ்கோஸ் எனப்படும் ரேயானும் செல்லுலோஸ்தான். ஆனால் நனைந்ததும் அதன் வலுவில் பாதியளவு போய்விடும். பருத்தி என்று எண்ணி வாங்கிய ரேயான் குர்த்தியை முறுக்கிப் பிழிந்தால் தையல் ஓரத்தில் விட்டுக்கொடுப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். ரேயானை முறுக்கக் கூடாது. தண்ணீர் வடிய விட்டு, தட்டையாக விரித்து நிழலில் உலர்த்த வேண்டும்.

பருத்தி காரத்தைத் தாங்கும், அமிலத்தைத் தாங்காது. பட்டும் கம்பளியும் காரத்தைத் தாங்காதவை. சலவைச் சோடா கலந்த சாதாரண சோப்புத் தூளில் பட்டை ஊறவைப்பது அதை மெதுவாகக் கரைப்பதற்குச் சமம். வெளுப்பதற்கான குளோரின் பிளீச் பட்டின் மேலோ கம்பளியின் மேலோ பட்டால் இழையே சிதையும். பருத்தியில் பட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வேட்டி பளீரென்று வெளுக்கும். நாலைந்து முறை அளவில்லாமல் ஊற்றிய பிறகு, ஒரு நாள் இடுப்பில் இழுத்துக் கட்டும்போது சர்ரென்று கிழியும்.

வெள்ளைத் துணி பழுப்பேறுவதற்கு அழுக்கு மட்டும் காரணமில்லை. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத ஒரு பிசுக்காகி இழைகளுக்கிடையே ஒட்டிக்கொள்கின்றன. துவைக்கத் துவைக்கத் துணி சாம்பல் நிறமாகவும் மொறமொறப்பாகவும் ஆகிறது. சோப்பைக் கூட்டினால் பிசுக்கும் கூடும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் சவர்க்காரக் கட்டியைவிட டிடர்ஜெண்ட் வகைகள் நன்றாக வேலை செய்வதும், கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் எடுப்பது பலன் தருவதும் இதனாலே. சட்டைக் கழுத்து மஞ்சளாவது தோலின் எண்ணெய் காற்றுபட்டு மாறுவதால். அழுக்குப் போகாத கழுத்தின் மேல் இஸ்திரி போட்டால் சூடு அந்தக் கறையை நிரந்தரமாக்கிவிடும்.

நம் சமையற்கட்டுக்கே உரிய இரண்டு கறைகளைச் சொல்லியாக வேண்டும். மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் அது ரத்தச் சிவப்பாவதைப் பார்த்துப் பலர் பயந்துபோகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும் இயல்புடையது, அவ்வளவுதான். அலசியதும் மீண்டும் மஞ்சளாகும். குர்குமின் வெளிச்சத்தைத் தாங்காது என்பதால், துவைத்து நல்ல வெயிலில் போட்டால் மெல்ல மறையும். துணியின் எதிரியான வெயில் இந்த ஓரிடத்தில் மட்டும் நண்பன். சாயமில்லாத வெள்ளைப் பருத்திக்கு மட்டும். வாழைக்கறை இதற்கு நேர்மாறு. வாழைப்பாலின் டானின் முதலில் நிறமில்லாமல் இருக்கும். காற்று பட்டதும் கருத்து, செல்லுலோஸோடு இறுகப் பிணைந்துகொள்ளும். பட்ட உடனே தண்ணீரில் அலசிவிட்டால் தப்பிக்கலாம். காய்ந்துவிட்டால் அந்தத் துணியைத் தோட்ட வேலைக்கு வைத்துக்கொள்வதே உத்தமம்.

உடுத்துவதால் வரும் தேய்மானம் ஒன்றுமே இல்லையா? உண்டு. சட்டைக் கழுத்து மடிப்பு, கால்சட்டையின் உள்தொடை, பையன்களின் முழங்கால், புடவையின் கீழோரம் எல்லாம் உராய்ந்து நையும் இடங்கள். ஃபால்ஸ் வைத்துத் தைப்பது அழகாக விழுவதற்காக மட்டும் இல்லை. தரையோடும் செருப்போடும் உராயும் ஓரத்தின் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் தியாகப் பட்டை அது. அது நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். புடவையின் கரை நைந்தால் மாற்ற முடியாது.

சட்டையில் முடிச்சு முடிச்சாக உருண்டை எழுவதும் உராய்வின் விளைவே. நூலில் உள்ள குட்டை இழைகளின் நுனி வெளியே கிளம்பி, ஒன்றோடொன்று சிக்கி உருள்கிறது. முழுப் பருத்தியில் அந்த உருண்டை சில நாளில் தானே அறுந்து விழுந்துவிடும். பாலியஸ்டர் கலந்த துணியில் விழாது. பாலியஸ்டர் இழை மிக வலுவானது என்பதால் உருண்டையை விடாமல் பிடித்துக்கொள்ளும். வலு அதிகமுள்ள துணி சீக்கிரம் பழையதாகத் தெரிவதன் காரணம் இதுதான். 1970களில் கோவையில் உருவாக்கிய சுவின் பருத்தியை நூற்பாலைகள் இன்றும் கொண்டாடுவது அதன் மிக நீண்ட இழைக்காக. இழை நீளமாக இருந்தால் நுனிகள் குறைவு, உருண்டையும் குறைவு. திருப்பூரில் ஏற்றுமதிக்குப் போகும் பின்னலாடைகளை ஆய்வகங்களில் இதற்காகவே உருட்டியும் உரசியும் சோதிக்கிறார்கள். அங்கே பயன்படும் மார்ட்டின்டேல் இயந்திரம் துணியை ஆயிரக்கணக்கான முறை தேய்த்து, எத்தனையாவது சுற்றில் இழை அறுகிறது என்று எண்ணும். செயற்கை வியர்வையில் நனைத்துச் சாயம் போகிறதா என்றும் பார்ப்பார்கள். வியர்வை ஆளைப் பொறுத்தும் நேரத்தைப் பொறுத்தும் மாறும் என்பதால் அமில வியர்வை, கார வியர்வை என்று இரண்டு கரைசல் வைத்திருக்கிறார்கள்.

சாயம் போவதையே பெருமையாக்கிய ஒரு கதையும் நம் ஊரோடு சேர்ந்தது. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் சென்னைக் கைத்தறிக் கட்டத்துணியை ஆயிரக்கணக்கான கஜம் வாங்கிப்போக, அது புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு உடைகளாகச் சென்றது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. சாயம் ஓடி மற்றத் துணிகளெல்லாம் நிறம் மாறியதும் புகார்கள் குவிந்தன. பிறகு விளம்பரக்காரர்கள் அதையே சிறப்பாக்கி, இது சாயம் ஓடும் என்று உத்தரவாதம் தந்தே விற்றார்கள். ஒவ்வொரு சலவைக்கும் கட்டங்கள் கலந்து புதிய நிறம் வந்தது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். குறையை அழகாகப் பார்க்க ஒரு கண் வேண்டும்தான். ஆனால் வெள்ளைச் சட்டையோடு சேர்த்துத் துவைப்பவருக்கு அந்த அழகு உதவாது. புதுத் துணியின் ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டே சேர்த்துத் துவைக்க வேண்டும்.

இனி பூச்சிகள். துணியைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வளர்ந்த பூச்சிக்கு உண்ணும் வாயே இயங்காது. புழுவுக்குக் கம்பளியும் மற்ற விலங்கு ரோமமும் பிரியம்; சில நேரம் பட்டும். சுத்தமான பருத்தியை அது நாடாது. வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் படிந்திருந்தால் பருத்தியையும் விடாது. எனவே கட்டிய துணியைக் காற்றாடக்கூட விடாமல் அப்படியே மடித்து உள்ளே வைப்பது, பூச்சிக்கு இலை போட்டுப் பரிமாறுவது போல. வெள்ளிநிறத்தில் நழுவி ஓடும் இராமபாணப் பூச்சி மாவுப்பொருளைத் தின்னும். அதனால் கஞ்சி போட்ட காட்டன் புடவைகளை நெடுநாள் வைக்கும்முன் கஞ்சி போக அலசிவிட வேண்டும். வசம்பையோ வேப்பிலையையோ துணி முடிச்சில் கட்டி, புடவையில் நேராகப் படாமல் வைக்கும் வழக்கம் தொடரத் தகுந்தது.

அந்துருண்டையைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நாப்தலீன் உருண்டை பிறந்த குழந்தைக்கு ஆபத்தானது. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையை வரவழைக்கக்கூடும். அந்தக் குறை இருப்பது வெளியே தெரியாது. பாட்டியின் பழைய புடவையில் தூளி கட்டுவதும், பெட்டியில் இருந்த மெத்தென்ற துணியை விரிப்பதும் நம் வழக்கம். அந்துருண்டை வாசம் உள்ள எந்தத் துணியும் கைக்குழந்தையின் அருகே போகக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வரும் கரும்புள்ளி பூசணத்தின் வேலை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி, காற்றோட்டமும் இல்லாமல் போனால் பூசணம் பருத்தி இழையையே தின்று வளரும். பிளாஸ்டிக் உறைக்குள் பட்டு வைப்பது தூசியைத் தடுக்கும்; ஈரத்தை உள்ளேயே அடைத்தும் விடும். துவைத்துக் கஞ்சியில்லாமல் உலர்த்திய வெள்ளை மல் துணியில் சுற்றுவதற்கு இணையான உறை இல்லை. இரும்புப் பீரோவில் குண்டூசியோடு வைத்தால் துருக்கறை நிச்சயம்.

பழுதைச் சரிசெய்வதிலும் நிதானம் வேண்டும். அமெரிக்க தேசிய கீதத்துக்குக் காரணமான பால்டிமோர் கோட்டைக் கொடி முதலில் 42 அடி நீளம். காற்றில் கிழிந்ததும், நினைவுப்பொருளாக ஆளாளுக்கு வெட்டிக்கொண்டதும் போக இன்று 34 அடிதான் மிச்சம். 1914இல் அதைக் காப்பாற்ற எண்ணி லினன் துணியை அடியில் வைத்து ஏறத்தாழ 17 லட்சம் தையல் போட்டார்கள். அன்றைக்கு அது மிகச் சிறந்த வேலை. 1990களின் இறுதியில் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் நிபுணர்கள் அந்தத் தையல்களை ஒவ்வொன்றாக வெட்டி நீக்கி, லினனைக் கழற்றினார்கள். கனமான அடித்துணி பலவீனமான கொடியை இழுத்துக்கொண்டிருந்ததே காரணம். நைந்த பட்டின் மேல் தடித்த துணியை ஒட்டுப்போட்டு இறுக்கித் தைத்தால் ஒட்டின் விளிம்பில் அது மறுபடி கிழிவதும் இதே காரணத்தால்தான்.

டார்னிங் செய்பவர்கள் செய்வது வேறு. துணியின் உள்மடிப்பிலிருந்தே நூல் உருவி எடுத்து, அறுந்த பாவுக்கும் ஊடைக்கும் பதிலாக ஒவ்வோர் இழையாக உள்ளே ஓட்டி, ஓட்டையை மீண்டும் நெய்கிறார்கள். வடக்கே உத்தரப் பிரதேசத்தின் நஜீபாபாத் இந்த ரஃபூ வேலைக்குப் பெயர்போன ஊர். காஷ்மீர் சால்வைகளின் ஆயுளை நீட்டித்த கைகள் அவை. நம் ஊர்ச் சலவைக் கடைகளிலும் தையல் கடைகளிலும் விசாரித்தால் இந்த வேலை தெரிந்தவர் இன்றும் கிடைப்பார். ஓட்டை சிறிதாக இருக்கும்போதே, துவைத்துப் பெரிதாக்கும் முன்பு, அவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர் கேட்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.